ஆயுள் நீள்வது வேறு, முதுமை நலமாவது வேறு

மூப்பைத் தடுக்கும் குளிசை, வயதைப் பின்னோக்கித் திருப்பும் ஊசி, நூற்றிருபது வயது வரை வாழ்வதற்கான உணவுமுறை என்று செய்திகளும் காணொளிகளும் நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் தாய் தந்தையருக்கென்று கொண்டுவரும் பொதிகளில், விற்றமின் போத்தல்களோடு 'ஆயுள் நீட்டும்' போத்தல்களும் இப்போது இடம்பிடித்துவிட்டன. இவற்றில் எது மனிதரில் நிறுவப்பட்டது, எது சுண்டெலியோடு நின்றுவிட்டது, எது வெறும் விளம்பரம் என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் பலருக்கும் தெளிவில்லாமல் இருக்கிறது. வெவ்வேறான மூன்று அளவுகளைப் பிரிக்காமல் ஒன்றாகப் பேசுவதிலேயே இந்தக் குழப்பம் தொடங்குகிறது. ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்க வேண்டியுள்ளது.

பிரித்தறிய வேண்டிய மூன்று அளவுகள்

1. பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பு. ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் நிகழும் இறப்புகளின் வேகம் அப்படியே தொடருமானால், அந்த ஆண்டில் பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டுகள் வாழும் என்ற கணக்கு இது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இலங்கையில் இது ஏறத்தாழ 77 ஆண்டுகள். பெண்களுக்கு 80 அளவில், ஆண்களுக்கு 74 அளவில். இந்த எண் எவருக்கும் விதிக்கப்பட்ட கெடு அன்று. குழந்தைப் பருவத்தையும் நடுவயதையும் கடந்து அறுபதை எட்டிவிட்ட ஒருவருக்குச் சராசரியாக இன்னும் இருபது ஆண்டுகளளவு மீதமிருக்கிறது.

2. உச்ச ஆயுள். மனித இனத்தில் ஒருவர் வாழ்ந்ததாக உறுதிப்படுத்தப்பட்ட மிக நீண்ட காலம் இது. 1997 இல் காலமான பிரான்ஸ் நாட்டுப் பெண்மணி ஜீன் கல்மோ 122 ஆண்டுகளும் 164 நாள்களும் வாழ்ந்தார். கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த எல்லையை எவரும் தாண்டவில்லை.

3. நலவாழ்வு ஆண்டுகள். நோயாலும் இயலாமையாலும் இழக்கப்படும் காலத்தைக் கழித்த பின் எஞ்சும் ஆண்டுகள். இதே 2019 மதிப்பீட்டில் இலங்கைக்கு இது ஏறத்தாழ 67.

முதல் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் இடையே பத்து ஆண்டுகள் இருக்கின்றன. குளிசை விளம்பரங்கள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணைக் காட்டி ஆசையூட்டுகின்றன. நமது முதியோர் உண்மையில் இழப்பதோ இந்தப் பத்து ஆண்டுகளை. அந்த இழப்பின் காரணங்கள் பெரும்பாலும் அறியப்பட்டவை, அவற்றுக்கான மருத்துவமும் மலிவானது. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

சராசரி எப்படி ஏறியது

இலங்கையில் 1946 இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 அளவுக்கு இறங்கியது. டீ.டீ.ரீ. தெளித்து மலேரியாவை அடக்கியது ஒரு காரணம். வைத்தியசாலைகளும் மருத்துவிச்சி சேவையும் கிராமங்கள் வரை சென்றதும், போர்க்காலத்துக்குப் பின் உணவு நிலை சீரானதும் ஏனைய காரணங்கள். இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்பதில் மக்கட்தொகையியலாளர்கள் இன்றும் முரண்படுகின்றனர். அக்காலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண் பத்துக்கும் குறைவு. சராசரி ஆயுள் உயர்ந்ததன் பெரும்பங்கு குழந்தைகளையும் தாய்மாரையும் காப்பாற்றியதால் கிடைத்தது. 'அந்தக் காலத்தில் எல்லோரும் நாற்பதில் இறந்தார்கள்' என்பதும் தவறு, 'அந்தக் காலத்து ஆட்கள் நூறு வரை நின்றார்கள்' என்பதும் தவறு. அன்றும் எண்பது வயதுக் கிழவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த வயதை எட்டியவர்கள் சிலரே.

இந்த வரலாற்றில் வடக்குக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. 1981 க்குப் பின் இங்கு முழுமையான குடிசன மதிப்பீடு 2012 வரை நடைபெறவில்லை. 2001 இல் நடந்த கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே நிறைவுற்றது. அந்த முப்பது ஆண்டுகளில் யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள்தொகை 7 இலட்சத்துக்கு மேலிருந்து 6 இலட்சத்துக்கும் கீழே வந்தது. நாடு முழுவதிலும் 60 வயதைக் கடந்தோரின் பங்கு இதே காலத்தில் நூற்றுக்கு 6.6 இலிருந்து 12.4 ஆக உயர்ந்தது. இளையோர் போரில் மாண்டும் புலம்பெயர்ந்தும் போன ஒரு மாவட்டத்தில் முதியோரின் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும், அவர்களைப் பார்த்துக்கொள்ள அருகில் இருப்போரின் எண்ணிக்கை வேகமாகச் சுருங்கியது. ஆயுள் பற்றிய எந்தப் பேச்சும் இந்த நிலத்தில் அந்த உண்மையிலிருந்து விலகி நிற்க முடியாது.

ஒரு நோயை வென்றால் எவ்வளவு கிடைக்கும்?

1825 இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பெஞ்சமின் கொம்பேட்ஸ் ஓர் ஒழுங்கைக் கண்டார். வளர்ந்த மனிதரின் இறப்பு அபாயம் வயதோடு பெருக்கல் முறையில் ஏறுகிறது. இன்றைய தரவுகளின்படி ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது. எழுபத்தாறு வயதினரின் அபாயம் அறுபது வயதினரைப் போல் நான்கு மடங்கு என்பது இதன் பொருள்.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு பிறக்கிறது. புற்றுநோய் முழுவதையும் உலகிலிருந்து அகற்றிவிட்டாலும் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுகளளவே கூடும் என்று அமெரிக்கத் தரவுகளை வைத்துக் கணக்கிடப்பட்டுள்ளது. முதிய உடலில் ஒரு நோய் விலகினால் இன்னொன்று வரிசையில் நிற்கிறது. இதனால்தான் ஆய்வாளர்கள் சிலர், நோய்களை ஒவ்வொன்றாகத் துரத்துவதை விட அவை எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள மூப்பையே மெதுவாக்க முயல வேண்டும் என்கின்றனர். இது பொறுப்பான அறிவியல் வாதம். விளம்பரங்கள் இந்த வாதத்தின் நிழலில்தான் நிற்கின்றன.

கலத்தினுள் நடப்பது என்ன

மூப்புக்கு ஒரேயொரு காரணம் இல்லை. ஸ்பெயின் ஆய்வாளர் கார்லோஸ் லோப்பஸ்-ஒட்டினும் அவருடைய கூட்டாளிகளும் 2013 இல் மூப்பின் அடையாளங்களாக ஒன்பதைத் தொகுத்தனர். 2023 இல் அந்தப் பட்டியல் பன்னிரண்டாக விரிந்தது. செய்திகளில் அடிக்கடி வருபவை பின்வருவன.

1. கலப்பிரிவின் எல்லை. 1961 இல் லெனார்ட் ஹேய்பிளிக், மனித உடற்கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்க்கும்போது அவை ஏறத்தாழ 40 முதல் 60 தடவை பிரிந்த பின் நின்றுவிடுவதைக் காட்டினார். நிறமூர்த்தங்களின் நுனிகளிலுள்ள ரெலோமியர்கள் ஒவ்வொரு பிரிவிலும் குறுகுவது இதற்கு ஒரு முக்கிய காரணம். ரெலோமியர் பற்றிய கண்டுபிடிப்புக்கு 2009 இல் நோபல் பரிசு கிடைத்தது. ரெலோமியரை நீட்டினால் மூப்பு போய்விடுமா என்றால், புற்றுநோய்க் கலங்கள் தாம் ஓயாமல் பிரிவதற்குக் கையாளும் வழிகளில் அதுவும் ஒன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2. கலத்தின் துப்புரவு. பழுதடைந்த உறுப்புகளையும் புரதங்களையும் கலமே தின்று மறுபயன்படுத்தும் செயல்முறையை ஆராய்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பட்டினியின்போது இச்செயல் கூடுகிறது. விரதம் பற்றிய காணொளிகள் எல்லாம் இதையே மேற்கோள் காட்டுகின்றன.

3. ஓய்ந்த கலங்கள். பிரிவதை நிறுத்தியும் இறக்காமல் கிடக்கும் கலங்கள், அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுற்றிலும் கசியவிடுகின்றன. இவற்றை மட்டும் அழிக்கும் மருந்துகள் ஆய்வில் உள்ளன.

4. கலத்தைத் திரும்ப இளமையாக்குதல். 2006 இல் ஷின்யா யமனாக்கா, நான்கு மரபணுக்களைச் செயற்படுத்தி வளர்ந்த கலத்தைக் கருநிலைக் கலம் போல மாற்றினார். இதை உயிருள்ள உடலில் அளவோடு செய்ய முயல்வதே 'வயதைப் பின்னோக்கித் திருப்பும்' செய்திகளின் மூலம். அளவு தப்பினால் கட்டிகள் உருவாகின்றன.

'உங்கள் உயிரியல் வயதை அறியுங்கள்' என்று விற்கப்படும் பரிசோதனைகளும் இத்துறையிலிருந்தே வந்தவை. டி.என்.ஏ. மீது பதியும் வேதியியல் அடையாளங்களைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹோர்வத் 2013 இல் வெளியிட்டார்; அது 353 இடங்களை அளந்தது. பெருந்தொகையானோரை ஒப்பிடும் ஆய்வுக்கு அது நல்ல கருவி. ஒரு தனி மனிதர் அந்த முடிவை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது மிகச் சொற்பம். அதே பணத்தில் குருதியமுக்கத்தையும் சீனியையும் சிறுநீரகச் செயற்பாட்டையும் பல ஆண்டுகள் பார்த்துக்கொள்ளலாம்.

போத்தல்களில் இருப்பவை

றப்பாமைசின். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து பெறப்பட்ட இம்மருந்து, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோருக்கு நோயெதிர்ப்பை அடக்குவதற்காகக் கொடுக்கப்படுவது. 2009 இல் வெளியான ஆய்வில், 600 நாள் வயதான சுண்டெலிகளுக்கு, அதாவது மனிதக் கணக்கில் முதுமையை அண்டியவற்றுக்கு, இதைக் கொடுத்தபோதும் அவற்றின் ஆயுள் நீண்டது. இத்துறையின் மிக உறுதியான முடிவுகளுள் இது ஒன்று. ஆனால் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தொன்றை டெங்கும் காசநோயும் உலவும் ஊரில் நலமாயிருப்பவர் தாமாக விழுங்குவது ஆபத்தான காரியம்.

மெற்போமின். இங்கு ஆயிரக்கணக்கான வீடுகளில் ஏற்கனவே இருக்கும் நீரிழிவுக் குளிசை. நீரிழிவு உள்ளவருக்கு இதன் பயன் ஐயத்துக்கு இடமற்றது. நீரிழிவு இல்லாதவரின் ஆயுளை நீட்டும் என்பது மனிதரில் நிறுவப்படவில்லை.

றெஸ்வெறற்றோல். திராட்சைத் தோலிலுள்ள பொருள். இதை நம்பி உருவான நிறுவனமொன்றைப் பெரிய மருந்து நிறுவனம் 2008 இல் 72 கோடி டொலருக்கு வாங்கியது. பின்னர் முறையாகச் சோதித்தபோது சாதாரண சுண்டெலிகளின் ஆயுளைக்கூட அது நீட்டவில்லை. விற்பனை மட்டும் இன்னும் தொடர்கிறது.

என்.எம்.என். இப்போது அதிகம் கொண்டுவரப்படும் போத்தல் இதுவே. கலத்தின் சக்திப் பரிமாற்றத்துக்குத் தேவையான ஒரு மூலக்கூறின் அளவைக் குருதியில் இது கூட்டுகிறது என்பது மெய். அந்த அளவு கூடுவதால் மனிதர் நீண்ட நாள் வாழ்கிறார் என்பதற்குச் சான்று இல்லை.

உணவைக் குறைத்தல். 1935 இலேயே எலிகளில் பலன் காட்டிய முறை இது. குரங்குகளில் நடந்த இரண்டு நீண்ட அமெரிக்க ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன. பருமனான நடுவயதினர் உண்பதைக் குறைப்பது நன்று. எழுபதைக் கடந்து மெலிந்துகொண்டிருக்கும் ஒருவர் காணொளி பார்த்துப் பட்டினி கிடப்பதோ தசையை இழக்கும் குறுக்குவழி. அவர் சீனிக் குளிசையும் எடுப்பவராயின், குருதியில் சீனி சட்டென்று தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்தும் சேர்கிறது.

நமது மரபிலுள்ள காயகற்பம் பற்றியும் ஒரு சொல். நெல்லிக்காயும் கடுக்காயும் உணவோடு சேர்வதில் தடையொன்றுமில்லை. உலோகங்களைச் சேர்த்துச் செய்யும் பற்பங்களும் செந்தூரங்களும் வேறு வகை. ஏற்கனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அவை கேடு விளைவிக்கலாம். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலையும் மாவட்டம் முழுவதும் பதிவுபெற்ற சித்த மருத்துவர்களும் இருக்கையில், பெயர் தெரியாதவர் விற்கும் பொடியை வாங்க வேண்டியதில்லை.

'நூறு வயதுக் கிராமங்கள்'

உலகின் சில ஊர்களில் நூறு வயதைக் கடந்தோர் மிகுதி என்றும் அவர்களின் உணவே காரணம் என்றும் சொல்லப்படுகிறது. இந்தக் கணக்குகளில் பெரும் ஓட்டை உண்டு. 2010 இல் யப்பான் அரசு சரிபார்த்தபோது, பதிவேட்டில் உயிரோடிருந்த நூறு வயது கடந்தோரில் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய பதிவுகள் அழிந்து, உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழும் முதியோர் பலர் இருக்கும் நமது மாவட்டத்தில் இது எளிதில் விளங்கும். ஓர் ஊரில் நூறு வயதினர் அதிகம் என்று கேட்டால், அவர்கள் என்ன உண்டார்கள் என்பதற்கு முன் அவர்களின் பிறப்புப் பதிவு எங்கே என்று கேட்க வேண்டும்.

பத்து ஆண்டுகள் எங்கே போகின்றன

*சீனியும் பிரஷரும்.* வடக்கும் கிழக்கும் நீங்கலாக 2005–2006 இல் நடந்த ஆய்வில், இலங்கையில் வளர்ந்தோர் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்னிலையோ இருந்தது. நீரிழிவு இருந்தோரில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் தமக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. கண், சிறுநீரகம், பாதம், இருதயம், மூளை என்று முதுமையைச் சிதைக்கும் வழிகள் பலவற்றின் வாசல் இது. உயர் குருதியமுக்கமும் வலியின்றியே வேலை செய்கிறது. இரண்டையும் ஆரம்பத்திலேயே கண்டறிய 2011 முதல் அரச வைத்தியசாலைகளோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் நடுவயதினருக்கு இலவசப் பரிசோதனை உண்டு. வருத்தம் ஒன்றுமில்லாதபோது அங்கு போவது வேலையற்ற வேலை என்ற எண்ணம், குறிப்பாக ஆண்களிடம், மாற வேண்டும்.

*புகையிலை.* யாழ்ப்பாணத்தின் செம்மண் புகையிலைக்கும் சுருட்டுக்கும் பெயர்போனது. பிரித்தானிய மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004 இல் ரிச்சர்ட் டோல் குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, தொடர்ந்து சிகரெட் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழக்கிறார். அறுபதில் நிறுத்தினால் மூன்று ஆண்டுகளும், ஐம்பதில் ஆறும், நாற்பதில் ஒன்பதும் மீள்கின்றன. இதற்கு நிகரான பலனைக் காட்டிய ஆயுள் குளிசை எதுவும் கிடையாது. வெற்றிலையோடு புகையிலை போடுவது புகையில்லாததால் தீங்கற்றது என்பதும் தவறான நம்பிக்கை. வாய்ப்புற்றுநோயின் முக்கிய காரணம் அதுவே.

*தசை.* முப்பது வயதுக்குப் பின் தசை மெல்லக் குறைகிறது. அறுபதுக்குப் பின் வேகமாக. இது திரும்பப் பெறக்கூடியது என்பதை 1990 இல் பொஸ்ரன் நகர முதியோர் இல்லமொன்றில் நடந்த சிறிய ஆய்வு காட்டியது. தொண்ணூறு வயதளவிலிருந்த பத்துப் பேர் எட்டு வாரங்கள் காலால் பாரந்தூக்கும் பயிற்சி செய்ததில், அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 வீதம் கூடியது. கைபிடியில்லாத கதிரையிலிருந்து கைகளை மார்பில் கட்டியபடி எழுந்து இருந்து எழுவது வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி. அரை நிமிடத்தில் எத்தனை தடவை முடிகிறது என்பதே நல்ல அளவீடும்.

தசைக்குப் புரதம் வேண்டும். முதியோருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. ஐம்பது கிலோ நிறையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். காலையில் பாணும் சம்பலும், மதியம் சோறும் மரக்கறியும், இரவு இடியப்பமும் சொதியும் என்று ஓடும் நாளில் இதில் பாதிகூடச் சேர்வது கடினம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மீன் துண்டுகளைக் கொடுத்துவிட்டுக் குழம்போடு எழும்புவது நமது தாய்மாரின் வழக்கம். ஒரு முட்டை 6 கிராம், நூறு கிராம் மீன் ஏறத்தாழ 20 கிராம் தரும். பயறும் கடலையும் உழுந்தும் மரக்கறி உண்போருக்கு உதவும். சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் வைத்தியரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

*விழுகை.* இதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பல முதியோரின் சுயாதீனமான வாழ்வு ஒரே இரவில் முடிவது இதனால்தான். எழுபத்தெட்டு வயதான ஒருவர் இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுகிறார். படுக்கையிலிருந்து சட்டென்று நிமிரும்போது குருதி கால்களுக்கு இறங்குகிறது. இளம் உடல் நொடியில் இதைச் சரிசெய்யும். முதிய உடல், அதிலும் பிரஷர் குளிசை எடுக்கும் உடல், தாமதிக்கும். எழுந்து மூன்று நிமிடங்களுக்குள் மேல் அமுக்கம் 20 அல்லது அதற்கு மேல் இறங்குமானால் அதை நோயாகவே மருத்துவம் கணிக்கிறது. தலை கிறுகிறுக்கிறது. மலசலகூடம் வளவின் பின்புறத்தில். மின்குமிழின் ஆளி வாசலுக்கு அப்பால். கண்ணில் வெண்படலம். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைவு. படிக்கட்டில் கைபிடி இல்லை, கிணற்றடிச் சீமெந்தில் மாரியில் படிந்த பாசி. விழுந்தால் தொடை எலும்பின் கழுத்து முறிகிறது. சத்திரசிகிச்சை, படுக்கை, நிமோனியா, அல்லது எழுந்தாலும் பழையபடி நடக்க இயலாமை.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே அறுக்கத்தக்கது: கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்து எழுதல், நின்ற நிலையிலும் பிரஷரை அளக்கும்படி கிளினிக்கில் கேட்டல், கட்டிலருகே ஆளி, சுவரில் இரும்புக் கைபிடி, பாசியைச் சுரண்டுதல், கண் சத்திரசிகிச்சை, சமநிலைப் பயிற்சி. பயிற்சி மட்டுமே விழுகைகளை ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பும் பணத்தில் முதலாவது செலவு எதற்கு என்று கேட்டால், வீட்டுக்குள் கைபிடியோடு கூடிய மலசலகூடம் கட்டுவதற்கே என்பதில் ஐயமில்லை.

*மறதியும் தனிமையும்.* 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதிநோயில் ஏறத்தாழ 45 வீதம் திருத்தக்கூடிய 14 காரணிகளோடு தொடர்புடையது என்றது. அவற்றுள் காது கேளாமை, பார்வைக் குறைவு, நீரிழிவு, உயர் குருதியமுக்கம், மனச்சோர்வு, சமூகத் தனிமை ஆகியன உண்டு. காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்கியவரின் மூளைக்கு வேலை குறைகிறது. 'வயது போனால் காது கேளாதுதானே' என்று விட்டுவிடுவது ஒரு பாதுகாப்பைக் கைவிடுவதாகும். சமூக உறவுகள் வலுவாக உள்ளோர் உயிர்வாழும் வாய்ப்பு ஏறத்தாழ 50 வீதம் அதிகம் என்று 148 ஆய்வுகளைத் தொகுத்த 2010 ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு கண்டது. பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருக்க, ஐந்து அறை வீட்டில் தனித்திருக்கும் தாய்க்குக் கோவிலும் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் முதியோர் சங்கமும் பொழுதுபோக்குக்கு மேலானவை. உடல்நலத்தின் பகுதியே அவை.

நீண்ட முதுமையைத் தாங்குவது யார்

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுத்துக்கொள்ளலாம். ஐம்பதில் எடுத்த தொகை முப்பது ஆண்டுகளுக்குப் போதாது என்பது சிறிய கணக்கே. தோட்டத்திலும் கடலிலும் உழைத்தோர் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. பெண்கள் ஆறு ஆண்டுகளளவு கூடுதலாக வாழ்வதால், போரில் கணவரை இழந்தோரையும் சேர்த்து, வருமானமற்ற நீண்ட முதுமை இங்கு பெரிதும் பெண்களுடையது.

சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர், பராமரிப்புச் செலவைப் பிள்ளைகளிடமிருந்து கோரி அதற்கென அமைந்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் மீது முறைப்பாடு செய்ய நமது பெற்றோர் கூசுகின்றனர். பிள்ளை கடல் கடந்திருந்தால் கட்டளையை நிறைவேற்றுவதும் கடினம். பணம் ஒழுங்காக வந்தாலும், இரவில் துணையிருக்கவும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லவும் பயிற்றப்பட்ட பராமரிப்பாளர் கிராமங்களில் அரிது. கைதடி அரச முதியோர் இல்லம் போன்றவை இடமற்றோருக்கு அடைக்கலம் தருகின்றன. சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு பகல் நேரக் கவனிப்பை மட்டும் வேண்டுவோருக்கு அவை விடையாகா. பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வழியாக முதியோர் அடையாள அட்டையைப் பெறுவதிலும் கிராம மட்ட முதியோர் சங்கத்தில் சேர்வதிலும் இப்போதைக்குத் தொடங்கலாம். பகல் நேரப் பராமரிப்பு நிலையங்களையும் பராமரிப்பாளர் பயிற்சியையும் மாகாண சபையிடமும் பிரதேச சபைகளிடமும் கேட்டுப் பெற வேண்டியவர்கள், அந்தச் சங்கங்களில் இன்னும் சேராத ஐம்பது வயதினர்.